‘-டி’ என்ற ஓர் எழுத்து

சில ஆண்டுகளுக்கு முன், பல ஊர்களில் கிளைகள் வைத்திருந்த ஒரு சில்லறை வணிக நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தபோது, கடைகளிலிருந்து வந்து சேரும் விற்பனைக் கோப்புகளைத் திரட்டி நாள்வாரியாக ஒரே கணக்காக்கித் தரும் சிறிய கட்டளைவரிக் கருவி ஒன்றைப் பைத்தானில் எழுதியிருந்தேன். டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் அதன் பெயரைத் தட்டி, கட்டளையோடு சேர்த்துத் தரும் ‘-டி’ என்ற ஆப்ஷனுக்குப் பின் எட்டு இலக்கத்தில் தேதியைக் கொடுத்தால், அந்தத் தேதிக்குரிய விற்பனையைக் கூட்டி ஒரு கோப்பில் எழுதி வைக்கும். தேதி கொடுக்காவிட்டால் இன்றைய தேதியை எடுத்துக்கொள்ளும். (கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் அலுவலகத்தில் நாங்கள் வாயால் சொல்லிக்கொள்வது போலவே இங்கே எழுதுகிறேன், அவற்றை விசைப்பலகையில் எப்படித் தட்டுவது என்பது இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.)

இரண்டாம் பதிப்பை எழுதும்போது, வெளியீட்டுக் கோப்பு எந்த அடைவில் (டைரக்டரியில்) போய்ச் சேர வேண்டும் என்பதையும் பயனரே சொல்லும்படி செய்ய நினைத்தேன். அடைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே தேதிக்கு ‘--டேட்’ என்ற நீண்ட பெயரைக் கொடுத்துவிட்டு, ‘-டி’யை அடைவுக்கு மாற்றினேன். வேறு பல கருவிகளில் அப்படித்தான் இருக்கிறது என்பது அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம். கருவியைப் பயன்படுத்திக்கொண்டிருந்த மூன்று பேரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். மூவரும் சரி என்று தலையாட்டினார்கள். கடமை முடிந்தது என்று புதிய பதிப்பைச் சர்வரில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நான்காவது பயனர் ஒன்று இருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் கிரான் என்ற நிரல், நள்ளிரவு 12 மணி 10 நிமிடத்துக்கு எழுப்பிவிடும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு, அது. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. முந்தைய நாளின் தேதியை ‘-டி’க்குப் பின் வைத்து அது ஒவ்வோர் இரவும் என் கருவியை அழைத்துக்கொண்டிருந்தது. புதிய பதிப்பு அந்த எட்டு இலக்கத்தை அடைவின் பெயர் என்று எடுத்துக்கொண்டது. அப்படியோர் அடைவு இல்லாததால் தானே ஒன்றை உருவாக்கிக்கொண்டது. தேதி எதுவும் தரப்படவில்லை என்பதால், பிறந்து பத்து நிமிடமே ஆகியிருந்த இன்றைய நாளை எடுத்து, நெடுஞ்சாலையோரம் இரவெல்லாம் திறந்திருக்கும் இரண்டு கடைகளின் பத்து நிமிட விற்பனையைக் கூட்டி எழுதிவிட்டு, எல்லாம் நலமாக முடிந்தது என்று பொருள்படும் 0 என்ற குறியீட்டோடு வெளியேறியது. அதற்கடுத்த ஸ்கிரிப்டோ, அன்றிரவு உருவான கோப்பு எந்த அடைவுக்குள் இருந்தாலும் தேடிப்பிடித்துக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பும்படி, மிகுந்த அக்கறையோடு எழுதப்பட்டிருந்தது.

இப்படி 17 இரவுகள் நடந்தன. கணக்குப் பிரிவில் அந்தக் கோப்புகளை மாத முடிவில்தான் திறப்பார்கள். அங்கிருந்த பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “என்ன தம்பி, மாசத்துல பாதி நாள் கடையே தொறக்கலையா?” என்று கேட்டார். மூலக் கோப்புகள் அப்படியே இருந்ததால் ஒரே மாலையில் எல்லா நாள்களையும் திரும்பக் கூட்டிக் கொடுத்துவிட்டோம். பொருளிழப்பு எதுவும் இல்லை. ஆனால் சர்வரில், தேதிகளையே பெயராகக் கொண்டு வரிசையாக நின்ற அந்த 17 அடைவுகளைப் பார்த்தபோது எனக்கு உண்டான கூச்சம் இன்னும் போகவில்லை. கருவி ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. ஒரு பிழைச் செய்திகூட எழுதவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடியே செய்திருந்தது.

அதன் பிறகுதான், நாள்தோறும் நான் தட்டிக்கொண்டிருந்த பழைய யூனிக்ஸ் கருவிகள் தங்கள் ஆப்ஷன்களை இத்தனை காலம் எப்படிக் காப்பாற்றி வந்திருக்கின்றன, எங்கே காப்பாற்ற முடியாமல் போயிற்று என்று கையேடுகளையும் பதிப்புக் குறிப்புகளையும் புரட்டத் தொடங்கினேன். என் கதைக்கு மிக நெருங்கிய உறவு என்று முதலில் அகப்பட்டது, வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளை.

ஒவ்வொரு வரியிலும் இரண்டாவது சொல்லிலிருந்து தொடங்கி வரிசைப்படுத்த வேண்டும் என்றால், பழைய காலத்தில் ‘சார்ட் +1’ என்று எழுதுவார்கள். ஒரு சொல்லைத் தாண்டிப் போ என்பது அதன் பொருள். பின்னர் வந்த வடிவம் ‘சார்ட் -கே 2’ என்பது. இரண்டாவது சொல்லிலிருந்து எடு என்பது இதன் பொருள். முன்னது சுழியத்திலிருந்து எண்ணுகிறது, பின்னது ஒன்றிலிருந்து எண்ணுகிறது. பழைய ஸ்கிரிப்டைப் புதிய வடிவுக்கு மாற்றுகிறவர் ஒன்றைக் கூட்ட மறந்தால், எந்தப் புகாரும் இல்லாமல் வேறொரு பத்தி வரிசைப்படும். யூனிக்ஸ் கருவிகள் எப்படி நடக்க வேண்டும் என்று வகுக்கும் பாசிக்ஸ் தரத்தின் பழைய பதிப்புகள் ‘+1’ வடிவத்தைக் கட்டாயமாக்கியிருந்தன. 2001ஆம் ஆண்டுப் பதிப்போ அதே கட்டளைக்கு நேர்மாறான பொருளைக் கட்டாயமாக்கியது: ‘+1’ என்பது இனி ஆப்ஷன் அன்று, வரிசைப்படுத்த வேண்டிய கோப்பின் பெயர். ஆப்ஷன்கள் கழித்தல் குறியில்தான் தொடங்க வேண்டும் என்ற பொது ஒழுங்குக்குள் எல்லாக் கருவிகளையும் கொண்டுவரும் நல்லெண்ணம்தான் காரணம். என் ‘-டி’ மாற்றத்துக்கும் அப்படியொரு நல்லெண்ணம் இருந்தது.

யூனிக்ஸ் கருவிகளைக் கட்டற்ற மென்பொருளாக மீண்டும் எழுதிய க்னூ திட்டத்தில் அவற்றைப் பராமரித்தவர்கள் இதில் இரண்டு பக்கமும் இடிபட்டார்கள். தரத்துக்கு இணங்கினால் பழைய ஸ்கிரிப்டுகள் விழும். இணங்காவிட்டால் தரத்தை நம்பி எழுதப்பட்ட புதியவை விழும். அவர்கள் கண்ட வழி, எந்த ஆண்டின் தரப்படி நடக்க வேண்டும் என்பதை ஒரு சூழல் மாறியின் மூலம் பயனரே சொல்லிக்கொள்ளலாம் என்பது. அதில் 199209 என்று வைத்தால் பழைய வழக்கு; 200112 என்று வைத்தால் புதிய வழக்கு. அடுத்து 2008ஆம் ஆண்டுத் தரம் வந்து, இரண்டில் எதை வேண்டுமானாலும் ஒரு கருவி ஏற்றுக்கொள்ளலாம் என்று தன் பிடியைத் தளர்த்திக்கொண்டது. ஒரு கூட்டல் குறியின் பொருள் ஏழு ஆண்டுகளில் இரண்டு முறை புரண்டுவிட்டது. 2001இல் அதே களையெடுப்பில், கோப்பின் முதல் சில வரிகளைக் காட்டும் ஹெட் கட்டளையின் ‘ஹெட் -5’ என்ற குறுக்கு வடிவத்தையும் நீக்கி, ‘ஹெட் -என் 5’ என்றே எழுத வேண்டும் என்றார்கள். இந்தப் பத்தியை எழுதும்போதுகூட ‘ஹெட் -5’ என்று தட்டிப் பார்த்தேன். என் கணினியில் அது எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஐந்து வரிகளைக் காட்டுகிறது.

சார்ட்டின் கதைக்கும் என் கதைக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ‘+1’ என்ற பெயரில் கோப்பு வைத்திருப்பவர்கள் அநேகமாக யாருமில்லை என்பதால், பழைய ஸ்கிரிப்ட் புதிய சார்ட்டிடம் வந்தால், அப்படியொரு கோப்பு இல்லை என்று கத்திவிட்டு நின்றுவிடும். நின்ற இடத்தில் ஆள் வந்து பார்ப்பார். என் ‘-டி’ அப்படி நிற்கவில்லை. ஓர் ஆப்ஷனை எடுத்துவிடுவது கெடுதல்தான். ஆனால் எடுத்த ஆப்ஷனின் பெயரை இன்னொன்றுக்குச் சூட்டுவது அதைவிடப் பெரிய கெடுதல். அதிலும், பழைய பொருளில் கொடுக்கப்படும் மதிப்பு புதிய பொருளுக்கும் தற்செயலாகப் பொருந்திப்போகும் என்றால், அதுவே இருப்பதில் மோசமானது. எட்டு இலக்கத் தேதி ஓர் அடைவின் பெயராகவும் இருக்க முடியும் என்பதுதான் என்னைக் கவிழ்த்தது. நான் அந்த எழுத்தை எண்களை மட்டும் ஏற்கும் வேறோர் ஆப்ஷனுக்குக் கொடுத்திருந்தாலும் அதே கதைதான் நடந்திருக்கும். ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்கும் ஆப்ஷனுக்குக் கொடுத்திருந்தால் முதல் இரவே பிடிபட்டிருக்கும்.

பெயரையே நீக்காமல், பொருளையும் மாற்றாமல், ‘இது பழசு’ என்று ஒரு வரி மட்டும் சொன்னால் யாருக்கும் தீங்கில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஈகிரெப் என்ற தேடல் கட்டளை அந்த எண்ணத்தைக் கலைத்தது. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில், கோப்புகளின் வரிகளில் தேடும் கிரெப்புக்கு அண்ணன் தம்பிகளாக ஈகிரெப்பும் எஃப்கிரெப்பும் இருந்தன. பின்னர் அவை இரண்டும் ‘கிரெப் -இ’, ‘கிரெப் -எஃப்’ என்று கிரெப்பின் ஆப்ஷன்களாகவே ஆகிவிட்டதால், தனிப் பெயர்களுக்குத் தேவை இல்லாமல் போயிற்று. க்னூ கிரெப் 2007ஆம் ஆண்டின் 2.5.3 பதிப்பிலேயே அவற்றைக் கைவிடத்தக்கவை என்று குறித்துவிட்டது. அந்தக் குறிப்பைக் கையேட்டைத் திறந்தவர்கள் மட்டும் பார்த்தார்கள். ஈகிரெப் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பரில் வந்த 3.8 பதிப்பில், ஈகிரெப்பை அழைக்கும் ஒவ்வொரு முறையும், அது வழக்கொழிந்தது, ‘கிரெப் -இ’ என்று எழுதுங்கள் என்ற ஒரு வரி எச்சரிக்கை வரத் தொடங்கியது.

தேடலின் முடிவில் எந்த மாற்றமும் இல்லை. எச்சரிக்கையும் ஒழுங்காகப் பிழைச் செய்திகளுக்கு உரிய தனி வழியில்தான் வந்தது. இருந்தும் பல இடங்களில் ஸ்கிரிப்டுகள் உடைந்தன. பிழை வழியில் ஓர் எழுத்து வந்தாலும் தோல்வி என்று கருதும்படி எழுதப்பட்ட சோதனைகள் விழுந்தன. கிரான் தான் ஓட்டும் வேலை எதையாவது எழுதினால் அதை அஞ்சலாக அனுப்பிவிடும் என்பதால், ஆண்டுக்கணக்கில் வாய் திறவாமல் இருந்த வேலைகள் திடீரென்று இரவுதோறும் கடிதம் எழுதத் தொடங்கின. சில லினக்ஸ் வழங்கல்கள் அந்த எச்சரிக்கை வரியை நீக்கிவிட்டுத்தான் புதிய கிரெப்பைத் தம் பயனர்களுக்குக் கொடுத்தன. பராமரிப்பாளர்களின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பாசிக்ஸ் தரத்தில் அந்தப் பெயர்கள் இப்போது இல்லை. எனவே அவை இல்லாத கணினி ஒன்று எங்கேனும் இருக்கலாம். அங்கே போய் ஸ்கிரிப்ட் விழுவதற்கு முன் இங்கேயே சொல்லிவிடுவது உதவிதான். ஆனால் க்னூ கிரெப்போடு வரும் ஈகிரெப் என்பதே, ‘கிரெப் -இ’யை அழைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சில வரி ஷெல் ஸ்கிரிப்ட் மட்டுமே. அதை வாய் பேசாமல் இன்னும் 40 ஆண்டு வைத்திருப்பதற்கு ஆகும் செலவு அநேகமாக ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத செலவை மிச்சம் பிடிப்பதற்காக ஊரிலுள்ள எல்லா ஸ்கிரிப்டுகளையும் திருத்தச் சொல்வது எனக்கு இன்றுவரை சரியாகப் படவில்லை.

எச்சரிக்கையை யாரிடம் சொல்கிறோம் என்பதையும் அதிலிருந்துதான் யோசிக்கத் தொடங்கினேன். டெர்மினலில் உட்கார்ந்திருக்கும் மனிதர் அதைப் படித்து, அடுத்த முறை புதிய பெயரைத் தட்டுவார். ஸ்கிரிப்டுக்கோ படிக்கத் தெரியாது; அதைப் படித்திருக்க வேண்டியவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறார். ஒரு நிரல் தன் வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா, குழாய் வழியே இன்னொரு நிரலுக்கோ கோப்புக்கோ போகிறதா என்பதை எளிதாகக் கண்டுகொள்ள முடியும். ஆகவே முன்னால் மனிதர் இருக்கும்போது மட்டும் எச்சரிப்பது சாத்தியம்தான். இடைவெளி உள்ள கோப்புப் பெயர்களை மேற்கோள் குறிக்குள் காட்டும் வழக்கத்தை 2016இல், கோப்புகளைப் பட்டியலிடும் க்னூ எல்எஸ் கொண்டுவந்தபோது, டெர்மினலுக்கு மட்டும் அப்படிக் காட்டி, குழாய்க்குப் போகும் வெளியீட்டை முன்போலவே விட்டுவைத்தார்கள். அப்படியும் கண்ணுக்குப் பழகியது மாறிவிட்டது என்று பலர் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் ஸ்கிரிப்டுகள் பிழைத்துக்கொண்டன. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால், கோபித்துக்கொள்ளவாவது தெரிந்த மனிதரைச் சற்று வருத்துவது மேல்.

இதே வகையில் ஜாவாவும் பைத்தானும் ஒரே சிக்கலை இரண்டு விதமாகத் தீர்த்தது எனக்குப் பிடித்த ஒப்பீடு. இரண்டுமே தம் பதிப்பு எண்ணைக் கேட்டால், விடையைப் பிழைச் செய்தி வழியில் எழுதிக்கொண்டிருந்தன. கேட்ட கேள்விக்கான நேரான விடை அது; பிழை அன்று; ஆகவே அந்த இடம் தவறு. பைத்தான் 2014இல் வந்த 3.4 பதிப்பில் விடையை முறையான வெளியீட்டு வழிக்கு மாற்றிவிட்டது. தவறு திருந்தியது, ஆனால் பழைய இடத்தில் கை நீட்டிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டுகளுக்கு வெறுமைதான் கிடைத்தது. ஜாவா 2017இல் வந்த ஒன்பதாம் பதிப்பில், ஒற்றைக் கோட்டோடு இருந்த ‘-வெர்ஷன்’ ஆப்ஷனைத் தொடாமல் தவறான இடத்திலேயே விட்டுவிட்டு, இரட்டைக் கோட்டோடு ‘--வெர்ஷன்’ என்று புதிதாக ஒன்றைச் சேர்த்து அதை மட்டும் முறையான வழியில் எழுத வைத்தது. அழகு என்று பார்த்தால் பைத்தான் செய்ததுதான் அழகு. ஒரே கேள்விக்கு இரண்டு வாசல்கள், அவற்றில் ஒன்று கோணல் என்பது யாருக்கும் பிடிக்காது. ஆனால் ஜாவா செய்த மாற்றத்தால் இரவில் யாருடைய தூக்கமும் கெட்டிருக்காது. போதுமான பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், ஒரு கருவி வெளியே காட்டும் எந்த நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பிக்கொண்டிருப்பார் என்று மென்பொருள் பொறியாளர் ஹைரம் ரைட்டின் பெயரால் ஒரு விதி வழங்குகிறது. தவறான இடத்தில் எழுதப்படும் விடையும் அந்த நடத்தைகளில் ஒன்றுதான்.

புதிதாகச் சேர்ப்பதே பாதுகாப்பான வழி என்ற முடிவுக்கு அப்படி வந்தேன். அதற்கும் ஒரு நாள் அடி விழுந்தது. என் கருவியில் ‘--அவுட்புட்’ என்று ஓர் ஆப்ஷன் இருந்தது. ‘--அவுட்புட்-ஃபார்மட்’ என்று இன்னொன்றைச் சேர்த்தேன். பழையது எதையும் தொடவில்லை. மறுநாள் பக்கத்துப் பிரிவின் ஸ்கிரிப்ட் ஒன்று விழுந்தது. அதை எழுதியவர் ‘--அவுட்’ என்று சுருக்கி எழுதியிருந்தார். அப்படி ஓர் ஆப்ஷனை நான் எங்கும் எழுதியதே இல்லை. ஆனால் பைத்தானின் ஆர்க்பார்ஸ் நூலகமும், அதற்கு மூத்த க்னூவின் கெட்ஆப்ட்-லாங் நிரற்கூறும், நீண்ட பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்தாலும், அது வேறு எதையும் குறிக்காதவரை, ஏற்றுக்கொள்ளும் இயல்புடையவை. நேற்றுவரை ‘--அவுட்’ ஒன்றை மட்டும் குறித்தது. இன்று இரண்டைக் குறிப்பதால், எது என்று தெரியவில்லை என்று கருவி மறுத்துவிட்டது. நான் வாக்குக் கொடுத்ததாக நினைத்திருந்தது ஒரு பெயருக்கு. என் நூலகம் எனக்குத் தெரியாமல் அந்தப் பெயரின் எல்லா முன்பாதிகளுக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்திருந்தது.

இதில் இன்னும் நயவஞ்சகமான ஒரு மூலை உண்டு. பிற்காலத்தில் ‘--அவுட்புட்’ என்பதை நான் நீக்கிவிட்டு, ‘--அவுட்புட்-ஃபார்மட்’ என்பதை மட்டும் வைத்திருந்தேன் என்று கொள்வோம். அப்போது பழைய ஸ்கிரிப்ட் முழுப் பெயராக எழுதிய ‘--அவுட்புட்’ என்பது, பிழை எதுவும் இல்லாமல், மிஞ்சியிருக்கும் நீண்ட பெயரின் சுருக்கமாக எடுத்துக்கொள்ளப்படும். கோப்பின் பெயர் வடிவத்தின் பெயராகப் போய் உட்காரும். நீக்கியது, பெயரை இன்னொன்றுக்குச் சூட்டியதற்குச் சமமாகிவிடும். 2015இல் வந்த பைத்தான் 3.5, இந்தச் சுருக்க வழக்கத்தை அணைத்துவைக்க ஒரு வசதியைக் கொடுத்தது. முதல் பதிப்பை வெளியிடும் நாளிலேயே அதை அணைத்துவிட வேண்டும்; பிறகு அணைத்தால் அந்த அணைப்பே யாரோ ஒருவருடைய ஸ்கிரிப்டை உடைக்கும். நான் பிறகுதான் அணைத்தேன்.

நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டின் வரலாற்றில் இந்த விஷயத்துக்கு எல்லாப் பாடங்களும் இருக்கின்றன. 2008இல் வந்த 1.6.0 பதிப்பில், ‘கிட்-கமிட்’ என்று இடையில் கோடிட்டு எழுதப்பட்டு வந்த கட்டளைகளைப் பொதுவான தேடல் பாதையிலிருந்து எடுத்துவிட்டு, ‘கிட் கமிட்’ என்று இடம் விட்டு எழுதும் வடிவத்தை மட்டும் வைத்தார்கள். பழக்கப்பட்டவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அந்த அனுபவத்தின் பலனோ என்னவோ, மாற்றங்களை வேறு கணினிக்கு அனுப்பும் ‘கிட் புஷ்’ கட்டளையின் முன்னிருப்பை (எதுவும் சொல்லாவிட்டால் அது செய்வதை) மாற்றியபோது அவர்கள் காட்டிய பொறுமை வேறு வகையானது. வெறுமனே ‘கிட் புஷ்’ என்று தட்டினால், இரு பக்கமும் ஒரே பெயரில் இருக்கும் எல்லாக் கிளைகளையும் அனுப்பிவிடுவது பழைய வழக்கு. இப்போது நிற்கும் கிளையை மட்டும் அனுப்புவது புதியது. புதிய வழக்கை 2012இல் ஒரு விருப்ப அமைப்பாக மட்டும் அறிமுகப்படுத்தி, அதே ஆண்டில் வந்த 1.8.0 முதல், எது வேண்டும் என்று நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்து, 2014 மே மாதம் 2.0 என்று முதல் இலக்கமே மாறிய பதிப்பில்தான் முன்னிருப்பை மாற்றினார்கள். எந்த வழக்கை வேண்டுமானாலும் அமைப்புக் கோப்பில் எழுதி நிலைநிறுத்திக்கொள்ளும் வசதியை எடுக்கவில்லை. பாதுகாப்பான தொலை இணைப்புக்கான ஓப்பன்எஸ்எஸ்எச் 2022இல் தன் 9.0 பதிப்பில், கணினிகளுக்கிடையே கோப்புகளை நகலெடுக்கும் எஸ்சிபியின் உள்நடைமுறையையே மாற்றியபோதும் ‘-ஓ’ என்ற ஆப்ஷனால் பழைய நடைமுறைக்குத் திரும்பும் வழியை வைத்திருந்தது. முன்னிருப்பை மாற்றுகிறவர்கள் பின்வாசலைப் பூட்டாமல் போவது குறைந்தபட்ச மரியாதை.

கிட்டிடம் நான் கடன் வாங்கிய இன்னொரு எண்ணம், மனிதருக்கும் ஸ்கிரிப்டுக்கும் தனித்தனி வாசல் வைப்பது. ‘கிட் ஸ்டேட்டஸ்’ காட்டும் வாக்கியங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். நிறம் வரலாம், போகலாம். ‘--போர்சலின்’ என்ற ஆப்ஷனோடு கேட்டால், பதிப்பு மாறினாலும், பயனரின் சொந்த அமைப்புகள் எப்படி இருந்தாலும், வெளியீட்டின் வடிவம் மாறாது என்று கையேடே வாக்குக் கொடுக்கிறது. 2016இல் அதைவிட விவரமான வடிவம் தேவைப்பட்டபோது, இருப்பதை நீட்டாமல், ‘வி2’ என்று கேட்பவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் உலகத்தில் மென்பொருள்களை நிறுவும் ஆப்ட் கட்டளை இதையே மறுபக்கத்திலிருந்து செய்கிறது: அதன் வெளியீட்டைக் குழாயில் அனுப்பினால், தன் கட்டளைவரி இடைமுகம் நிலையானது அன்று, ஸ்கிரிப்டுகளில் கவனமாகப் பயன்படுத்துங்கள் என்று சொல்லிவிடுகிறது. நிலையானது வேண்டுமென்றால் பழைய ஆப்ட்-கெட் இருக்கவே இருக்கிறது. வாக்குக் கொடுக்காததை வெளிப்படையாகச் சொல்வதும் ஒருவகை நேர்மைதான்.

எல்லாவற்றையும் காப்பாற்றுவது என்று இறங்கினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் ஒரு காட்சி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையை ‘பிஎஸ் ஏயுஎக்ஸ்’ என்று கோடில்லாமல் தட்டுவது பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் கிளையின் மரபு. பழக்கத்தில் கோட்டையும் சேர்த்து ‘பிஎஸ் -ஏயுஎக்ஸ்’ என்று தட்டினால், தரத்தின்படி அதன் பொருள் வேறு: ‘-யு’ என்பதற்குப் பின் வருவது பயனரின் பெயர், ஆகவே எக்ஸ் என்ற பெயருள்ள பயனரின் நிரல்களைக் காட்டு என்று ஆகிறது. லினக்ஸில் உள்ள பிஎஸ் என்ன செய்கிறது என்றால், எக்ஸ் என்ற பெயரில் பயனர் யாரும் அந்தக் கணினியில் இல்லாவிட்டால், இவர் கோடில்லாத வடிவத்தைத்தான் நினைத்திருப்பார் என்று ஊகித்து அதன்படி நடக்கலாம் என்று வைத்திருக்கிறது. கையேடே இதை உடையக்கூடிய ஏற்பாடு என்றும், மாறக்கூடியது என்றும், நம்பி இருக்காதீர்கள் என்றும் எழுதியிருக்கிறது. அதாவது, யாரேனும் ஒருவர் எக்ஸ் என்ற பெயரில் கணக்குத் தொடங்கினால், அந்தக் கணினியில் ஒரு கட்டளையின் பொருள் மாறிவிடலாம். இதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு, இதை எழுதியவர் என்னைவிட எத்தனை பேருடைய பழக்கங்களைச் சுமந்துகொண்டிருந்தார் என்று நினைத்துச் சிரிப்பை நிறுத்தினேன்.

பெரிய திட்டங்கள் இதற்குக் கால அளவே வகுத்து வைத்திருக்கின்றன. பல கணினிகளில் ஓடும் நிரல்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில், பயனர்கள் நேரடியாகத் தொடும் கட்டளைவரிக் கருவியின் நிலைபெற்ற ஆப்ஷன் எதையும், கைவிடுவதாக அறிவித்த பிறகு 12 மாதமோ இரண்டு வெளியீடுகளோ, இவற்றில் எது நீண்டதோ அதுவரை வேலை செய்ய வைக்க வேண்டும் என்பது விதி. மூன்று பயனரும் ஒரு கிரான் வரியும்தான் என்று அன்று நான் நினைத்திருந்த என் கருவிக்கு அத்தகைய சட்டப்புத்தகம் எதுவும் தேவைப்படவில்லை. நான் செய்தது எளிமையானது. ‘-டி’யைத் தேதிக்கே திருப்பிக் கொடுத்தேன். அடைவுக்கு நீண்ட பெயர் மட்டும் வைத்தேன். ஓரெழுத்துப் பெயர் கொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் பெரிதும் சிறிதுமாக எழுத்துகள் 52தான். 200க்கு மேல் ஆப்ஷன் வைத்திருக்கும், இணையத்திலிருந்து தரவை எடுக்கும் கர்ல் போன்ற கருவியில் பெரும்பாலானவற்றுக்கு நீண்ட பெயர் மட்டுமே இருக்க முடியும். ஓரெழுத்தை ஒருமுறை கொடுத்தால் திருப்பி வாங்க முடியாது என்பதால், இப்போது நான் அதில் கருமி.

இரண்டாவதாக, எங்கள் சர்வர்களில் உள்ள கிரான் அட்டவணைகள், ஷெல் ஸ்கிரிப்டுகள் எல்லாவற்றையும் துழாவி, என் கருவி அழைக்கப்படும் ஒவ்வொரு வரியையும் அப்படியே ஒரு கோப்பில் சேர்த்தேன். 43 வரிகள் கிடைத்தன. அவற்றில் பாதிக்கு மேல், நான் ஒருபோதும் நினைத்துப் பார்க்காத ஆப்ஷன் கூட்டணிகள். அந்தக் கோப்பே இப்போது சோதனை: கருவியில் எந்த மாற்றம் செய்தாலும், அந்த 43 வரிகளும் அதே வெளியீட்டையும் அதே வெளியேறு குறியீட்டையும் தர வேண்டும், பிழை வழியில் ஒரு புதிய எழுத்துக்கூட வரக் கூடாது. ‘--அவுட்’ என்ற சுருக்கத்தை, நூலகத்தின் தயவில் விடாமல், ‘--அவுட்புட்’டின் மாற்றுப் பெயராக நானே பதிந்துவைத்தேன். உதவிப் பக்கத்தில் அது தெரியாது.

தீராமல் கிடந்தது, தேதி கொடுக்காவிட்டால் இன்றைய தேதியை எடுத்துக்கொள்ளும் முன்னிருப்பு. 17 இரவுகள் தப்பிப் போனதற்கு அதுவும் பாதிப் பொறுப்பு. தேதியைக் கட்டாயமாக்கிவிடலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் தோன்றும். அந்த 43 வரிகளில் ஆறு, தேதி கொடுக்காமல்தான் அழைக்கின்றன. அப்படியே விட்டிருக்கிறேன்.

நான் அந்த நிறுவனத்தை விட்டு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நிரலைப் படித்துக்கொண்டிருந்தவர் வந்து, “அண்ணா, இந்த ‘-டி’யை இப்போ யாரும் யூஸ் பண்ற மாதிரி தெரியலையே, எடுத்துடலாமா?” என்று கேட்டார். அந்த நள்ளிரவு ஸ்கிரிப்டை நாங்கள் அதற்குள் மாற்றி எழுதிவிட்டிருந்தோம். எல்லாச் சர்வர்களிலும் தேடிப் பார்க்கச் சொன்னேன். தேடினார், ஓர் இடத்திலும் இல்லை. சரி, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன். அந்த வாரமே வேறொரு வேலையாகக் கணக்குப் பிரிவுக்குப் போயிருந்தபோது, பெரியவரின் மேசைக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியில் ஒட்டப்பட்டிருந்த ஒரு தாள் கண்ணில் பட்டது. மின்சாரம் போய் இரவு வேலை ஓடாவிட்டால் மறுநாள் காலையில் அவரே தட்டிக்கொள்வதற்காக, வேலையை விட்டுப் போனவர் தன் கையால் எழுதிக் கொடுத்த கட்டளை. ‘-டி’க்குப் பின் எட்டுக் கட்டங்கள் வரைந்து, முதலில் ஆண்டு, பிறகு மாதம், கடைசியில் நாள் என்று மேலே குறித்திருந்தது. தாளின் ஓரங்கள் பழுத்திருந்தன. மேலே புதிதாகச் செலோடேப் ஒட்டியிருந்தார்கள்.